உரால்மாஷ் மாமியாரும் எண்பது லிட்டர் வெந்நீரும்

லுத்ஃபி சபதம் போட்டுட்டான்!

சும்மா வாய் வார்த்தையா இல்லங்க. வலது கைய நெஞ்சுல வெச்சு, இடது கையில சூப் கரண்டியத் தூக்கிப் பிடிச்சு, சமையக்கட்டு நடுவுல நின்னு போட்ட சபதம்.

"இந்த ஜூன் மாசம் உங்கம்மா வீட்டுத் தொட்டில என் கால் கட்டவிரல் கூட நனையாது! இது சத்தியம்!"

பொண்டாட்டி தாயா அடுப்புப் பக்கத்துல கைய நீட்டிக்கிட்டு நின்னா.

"முடிஞ்சுதா?"

"என்ன முடிஞ்சுதா?"

"சத்தியம். முடிஞ்சுதுன்னா கரண்டியக் குடு. முட்டைக்கோஸ் அடிபிடிக்குது."

இதுதாங்க அவன் வீட்டு நிலவரம். வீரம் எவ்வளவு வந்தாலும் கரண்டியத் திருப்பிக் குடுத்துட்டுதான் போகணும்.

இவ்வளவு கோவம் எதுக்குன்னா, அன்னிக்குக் காலையில அவங்க கட்டட வாசக்கதவுல ஒரு வெள்ளத் தாள ஒட்டிட்டாங்க. ஜூன் ஒம்பதுலேர்ந்து இருபத்திரண்டு வரைக்கும் வெந்நீர் வராது. ரஷ்யாவுல இந்த யெகாத்தரின்பர்க் ஊர்ல ஒவ்வொரு கோடைக்கும் இதே கூத்துதான். ஊர் பூரா வீட்டுக்கு வீடு குழாய்ல தானா வெந்நீர் வரும். வருஷத்துக்கு ஒரு தடவை, குளிர்காலம் வர்றதுக்குள்ள குழாயெல்லாம் சரியா இருக்கான்னு பாக்க, பேட்டை பேட்டையா ரெண்டு வாரம் நிறுத்திருவாங்க. பச்சத்தண்ணி மட்டும் வரும். அங்க பச்சத்தண்ணின்னா நம்ம நெனைக்கிற பச்சத்தண்ணி இல்ல. குழாயத் தொறந்தா உரால் மலையே உச்சந்தலையில வந்து உக்காரும்!

லுத்ஃபி யாரு? துனீசியாக்காரன். கடலோரத்துல மஹ்தியான்னு ஒரு ஊரு, அங்க பொறந்தவன். ஆவி பறக்கப் பறக்க ஊரே கூடிக் குளிக்கிற வெந்நீர்க் குளியலறைக்குப் பேர்போன தேசம். அப்படிப்பட்ட தேசத்துப் புள்ள யெகாத்தரின்பர்க் பல்கலைக்கழகத்துல பிரெஞ்சு சொல்லிக் குடுக்க வந்து ஒம்பது வருஷம் ஆச்சு.

வந்த முதல் ஜூன்லயே மாட்டினான். வாசக்கதவுல தாள் ஒரு வாரமா ஒட்டித்தான் இருந்துச்சு. அவனுக்கு அப்ப ரஷ்ய எழுத்தே தகராறு. யாரோ பூனையத் தொலைச்சுட்டாங்க போலன்னு நெனைச்சுட்டான். தலை நிறைய ஷாம்பு, உடம்பு நிறைய சோப்பு. டக்குன்னு வெந்நீர் நின்னுச்சு. ஐஸ் கொட்டுச்சு. கண்ணு எரியுது, பல்லு கிடுகிடுங்குது. ஒரு துண்டச் சுத்திக்கிட்டு எதிர்வீட்டு மணிய அழுத்தினான்.

கதவத் தொறந்தது தாயா. கையில கொதிக்கிற கெட்டில்.

"அறிவிப்பப் படிக்கலையா?"

"பூனை... பூனைன்னு..."

"எந்தப் பூனை? சரி குனி."

அங்கயே அவ வீட்டுத் தொட்டில குனிய வெச்சு, வெளாவி வெளாவி, சொம்பு சொம்பா ஊத்தினா பாருங்க. அந்தத் தண்ணி தலையில விழுந்தப்பவே லுத்ஃபி முடிவு பண்ணிட்டான். கட்டினா இவளத்தான் கட்டணும். கட்டினான். இன்னிக்கு வரைக்கும் அந்த வெள்ளத் தாளப் பாத்தா அவனுக்குள்ள ஒரு ஓரத்துல நன்றி சுரக்கும். மத்த மூணு ஓரத்துலயும் பயம்.

பயம் ஏன்னா, கல்யாணத்துக்கு அப்புறம் ஜூன் குளியல் உரால்மாஷுக்கு மாறிடுச்சு. உரால்மாஷ்ங்கிறது ஊரோட வடக்குப் பக்கம், பழைய தொழிற்சாலைப் பேட்டை. அங்கதான் மாமியார் ரிம்மா அர்க்காதியெவ்னா தனியா இருக்காங்க. டிராம்ல முப்பத்தஞ்சு நிமிஷம். கையில துணிப்பை, உள்ள துண்டு, சோப்பு, மாத்துத்துணி. ஜூன்ல அந்த டிராம்ல பாதிப் பேர் மடியில இதே பைதான். ஒருத்தர ஒருத்தர் பாத்துப்பாங்க.

"உங்களுக்கு எத்தனாவது நாள்?"

"ஒம்பது."

"எனக்கு ரெண்டு."

"ஐயோ பாவம். தைரியமா இருங்க."

மாமியார் வீட்டுல வெந்நீர் தாராளமா வரும். அங்க ஒண்ணும் குறையில்ல. குறை வெளிய வந்ததுக்கு அப்புறம்தான். குளிச்சிட்டு வர்றவங்கள அந்த ஊர்ல வாழ்த்தணும். "லேசான ஆவி!"ன்னு சொல்லுவாங்க. குளிச்சது உடம்புக்கு நல்லா ஒத்துக்கட்டும்னு அர்த்தம். ரிம்மா அர்க்காதியெவ்னா அந்த வாழ்த்த மூச்சு விடாம அடுத்த வாக்கியத்தோட ஒட்டித்தான் சொல்லுவாங்க.

"லேசான ஆவி லூத்திக் அந்த சோஃபாவக் கொஞ்சம் பால்கனிப் பக்கம் நகத்து!"

லூத்திக்னா அந்த ஊர் வயல்ல பூக்கிற ஒரு சின்ன மஞ்சப்பூ. நம்மாளு ஆறடி ஒரு அங்குலம். நெஞ்சு பூரா முடி. மாமியாருக்கு அவன் மஞ்சப்பூ!

ஒரு குளியலுக்கு ஒரு வேலை. இதான் கணக்கு. திங்கக்கிழமை சோஃபா. செவ்வாக்கிழமை பரண்ல இருக்குற எழுபது ஊறுகாய் ஜாடி. சனிக்கிழமை ஊருக்கு வெளிய இருக்குற தோட்டவீடு. தாச்சான்னு சொல்லுவாங்க. அங்க உருளைக்கிழங்குச் செடியில வண்டு பொறுக்கணும். ஒவ்வொரு வண்டா. கையால. பிரெஞ்சு இலக்கணம் படிச்ச கையால! வேலை செஞ்சா வேர்க்கும். வேர்த்தா மறுபடி குளிக்கணும். குளிச்சா மறுபடி வேலை. எட்டு ஜூன் மாசமா இந்தச் செக்கச் சுத்திக்கிட்டு இருக்கான் மனுஷன்.

"வீட்டுலயே ஒரு ஹீட்டர் மாட்டுவோம்"னு தாயா ஆறு வருஷமாக் கெஞ்சினா. லுத்ஃபி அசையல. "ரெண்டு வாரத்துக்காக ஒரு சுவத்தை ஓட்டை போடுவாங்களா?"ம்பான். உண்மை என்னன்னா அவனுக்கு டிரில் மெஷின்னாலே நடுக்கம். ஒரு தடவை கண்ணாடி மாட்டப் போயி, ஓட்டை போட்டுப் போட்டு, கடைசில அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் கிழவர் சாப்பிடுறது தெரிஞ்சுது. கிழவர் அப்பளம் மாதிரி எதையோ கடிச்சுக்கிட்டே கையாட்டினாரு.

ஆனா இந்த வருஷம் ஏப்ரல்ல தாயா திடீர்னு மாறிட்டா.

"ஹீட்டர் பேச்சே இனிமே இந்த வீட்டுல வேண்டாம். நீ சொன்னதுதான் சரி. எங்கம்மா வீடு இருக்கு, போயிக் குளிப்போம். என் சுவத்துல எவனும் கை வைக்கக் கூடாது."

இங்கதாங்க லுத்ஃபிக்கு மூளையில ஒரு அரிப்பு. ஆறு வருஷம் வேணும்னு கேட்டப்ப வேணாம்னு தோணுச்சு. வேணாம்னு சொன்ன அன்னியிலேர்ந்து ராத்திரி பகல் ஹீட்டர் ஞாபகம்!

சரி, சபதத்துக்கு வருவோம். தாயா சூப்ப எறக்கி வெச்சா. திரும்பினா.

"நெசமாத்தான் சொல்றியா?"

"நெசம்."

"பதினாலு நாள். அம்மா வீட்டுத் தொட்டில ஒரு தடவை கூடக் குளிக்க மாட்ட?"

"மாட்டேன்."

"பந்தயம்?"

"பந்தயம்!"

"ஒரு தடவை அங்க குளிச்சாலும் நீ தோத்த. ஜூலை லீவு மூணு வாரமும் தாச்சால. வண்டு பொறுக்கணும்."

லுத்ஃபி வண்டு பொறுக்கின கைய ஒரு தடவை பாத்துக்கிட்டான். ஆனாலும் கேட்டான்.

"ஜெயிச்சா?"

"மஹ்தியா. உங்க வீடு. கடல். மூணு வாரம்."

கடல்! மூணு வருஷமா ஒவ்வொரு ஜூலையும் தாச்சாதான். அவன் அம்மா போன்ல கேக்குறப்பல்லாம் "அடுத்த வருஷம், அடுத்த வருஷம்"னு சொல்லிச் சொல்லி அவனுக்கே வெக்கமாப் போச்சு. அம்மாவுக்குக் கண்ணு வேற மங்கிக்கிட்டு வருது. "நான் உன் மூஞ்சியப் பாக்கணும்டா, போன்ல எல்லாம் புகை மாதிரி தெரியுது"ன்னு போன வாரம்தான் சொன்னாங்க. வண்டா, கடலா? அவன் கைய நீட்டினான். தாயாவும் நீட்டினா.

அந்த ஊர்ல பந்தயம்னா கை குலுக்கினாப் பத்தாது. மூணாவது ஆள் வந்து, தன் கையக் கத்தி மாதிரி வெச்சு, குலுக்கின கைய வெட்டிப் பிரிச்சு விடணும். அப்பத்தான் செல்லும். மூணாவது ஆளுக்கு எங்க போறது? டிங் டாங். கீழ் வீட்டு வலேரி செம்யோனிச். குழாய் மராமத்து வேலையில நாப்பது வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவரு. கையில காலி உப்பு டப்பா.

"கொஞ்சம் உப்பு கெடைக்குமா?"

"செம்யோனிச், மொதல்ல இந்தக் கைய வெட்டி விடுங்க!"

அவரு எதுக்குன்னு கூடக் கேக்கல. ஒரே வெட்டு. உப்ப வாங்காமலே கீழ எறங்கிப் போயிட்டாரு. லுத்ஃபி அதக் கவனிச்சிருக்கணும். கவனிக்கல. அவன் கண்ணுல கடல் அலை அடிச்சுக்கிட்டு இருந்துச்சு.

மறுநாளே ரகசியமாக் கீழ் வீட்டுக்குப் போனான்.

"செம்யோனிச், ஒரு ஹீட்டர் மாட்டணும். என் பொண்டாட்டிக்குத் தெரியக் கூடாது."

"தெரியாது."

"ஒம்பதாம் தேதி திங்கக்கிழமை. அவ வேலைக்குப் போனதும். அவ வர்றதுக்குள்ள தண்ணி சுட்டிருக்கணும்."

"சுட்டிரும்."

"சின்னதாப் போதும். ஒரு முப்பது லிட்டர்."

"எண்பது."

"நாங்க ரெண்டே பேருதானே?"

கிழவரு மூக்குக் கண்ணாடிக்கு மேல பாத்தாரு. "இன்னிக்கு ரெண்டு பேரு. நாளைக்கு என்ன ஆகும்னு யாரு கண்டா?"

லுத்ஃபி வெக்கப்பட்டுச் சிரிச்சான். குழந்தையச் சொல்றாருன்னு நெனைச்சுட்டான். பாவம்!

ஒம்பதாம் தேதி. காலையில குழாயத் தொறந்தா ஒரு இருமல், ஒரு ஏப்பம், அப்புறம் ஐஸ். தாயா கெட்டில் தண்ணியில மூஞ்சக் கழுவிட்டு, "நான் சாயங்காலம் நேரா அம்மா வீட்டுக்குப் போயிக் குளிச்சிட்டு வரலாம்னு பாக்குறேன். நீ வரல்ல?"ன்னு தேன் ஒழுகக் கேட்டா.

"வரல."

"நாத்தமடிக்கும்."

"அடிக்கட்டும்."

"உன் இஷ்டம், வீரா"ன்னு போயிட்டா. அவளுக்குப் பொம்மை நாடகக் கொட்டகையில வேலை. பொம்மைங்களுக்குச் சட்டை தைக்கிறது. நாடகக் கொட்டகையில இருக்கவளுக்குத் தையல் மட்டும்தான் தெரியும்னு லுத்ஃபி எட்டு வருஷமா நம்பிக்கிட்டு இருந்தான்.

ஒம்பது மணிக்கு செம்யோனிச் வந்தாரு. டேப் எடுக்கல. ஸ்கேல் எடுக்கல. நேராப் போயி, குளியலறைச் சுவத்து டைல்ஸ்ல பழுப்பா ஒரு சின்னப் பெருக்கல் குறி இருந்துச்சு, அதுல டிரில்ல வெச்சாரு. டர்ர்ர்ர்!

"அளக்க வேணாமா?"

"நாப்பது வருஷ அனுபவம் தம்பி. கண்ணுதான் அளவுகோல்."

லுத்ஃபி மெய்சிலுத்துப் போயிட்டான். தொழில்காரன்னா இவன் தொழில்காரன்! மதியம் ஒரு மணிக்கு ஹீட்டர் சுவத்துல. வெள்ளையா, குண்டா, நல்லாச் சாப்பிட்ட துறைத்தலைவர் மாதிரி. நாலு மணிக்குத் தண்ணி கொதிக்குது. தொட்டிய ரொப்பினான். எறங்கினான். ஆஹா! எட்டு வருஷத்துல முதல் தடவையா ஜூன் மாசத்துல சோஃபா நகத்தாத குளியல்! பாடினான். அவங்க ஊர் மீன்காரங்க வலை இழுக்கிறப்பப் பாடுற பாட்டு. மேல் வீட்டு நாய் சேந்து பாடுச்சு.

ஆறு மணிக்கு தாயா வந்தா. அம்மா வீட்டுக்குப் போகல போல, வந்துட்டா. லுத்ஃபி தலையத் துவட்டி, குல்லாயப் போட்டு மறைச்சு, ஒண்ணும் தெரியாத மாதிரி ஜன்னல் ஓரமா உக்காந்து புத்தகம் படிச்சான். புத்தகம் தலைகீழா இருந்துச்சு. தாயா செருப்பக் கழட்டினா. அவன் பக்கம் திரும்பக் கூட இல்ல.

"லேசான ஆவி!"

"நன்... என்னது?"

"ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்ல. வாய் தவறி வந்துடுச்சு."

நேரா குளியலறைக்குப் போனா. அப்புறம் ஒரு அலறல்! வந்து நிலைப்படியப் பிடிச்சுக்கிட்டு நின்னா. ஒரு கை நெஞ்சுல.

"என் சுவரு! லுத்ஃபி! என் சுவத்துல என்னது அது?"

"அதுவா? அதுதான் வெந்நீர்."

"எனக்குத் தெரியாமயா?"

"உனக்குத் தெரியாமத்தான்."

"நீயா? நீயே யோசிச்சா?"

"நானே."

தாயா மெதுவா நாற்காலியில உக்காந்தா. "தோத்துட்டேன். இப்படி ஒரு மூளை இருக்கும்னு நான் கனவுலயும் நெனைக்கலப்பா. மஹ்தியாதான். போவோம்."

லுத்ஃபிக்குத் தரை கால்ல படல. பாடம் நடத்துற தோரணையில மேலயும் கீழயும் நடந்தான். "இதுல ஒரு தத்துவம் இருக்கு தாயா. பிரச்சனை வந்தா ஓடக் கூடாது. வேரோட..."

டிங் டாங்.

கதவத் தொறந்தான். ரிம்மா அர்க்காதியெவ்னா! ஒரு கையில துணிப்பை. இன்னொரு கையில வெள்ளரிக்கா ஊறுகாய் ஜாடி. கால்ல வீட்டுச் செருப்பு ரெடியா மாட்டியாச்சு.

"லூத்திக்! எங்க கட்டடத்துலயும் நிறுத்திட்டாங்கடா! எப்பவும் ஆகஸ்டுல தானே? இந்த வருஷம் புதுக் குழாய் போடுறாங்களாம், உங்களோட சேத்து இன்னியிலேர்ந்து பதினாலு நாள். நான் எங்க போவேன், சொல்லு? நல்ல வேளை, மாப்பிள்ளை புத்திசாலி."

லுத்ஃபி திரும்பி தாயாவப் பாத்தான். தாயா கூரையப் பாத்தா.

யோசிச்சுப் பாருங்க. நிறுத்துற தேதியெல்லாம் வசந்தத்துலயே ஊருக்கு ஊரு, தெருவுக்குத் தெரு அட்டவணையாப் போட்டுருவாங்க. அவன் வீட்டுத் தேதிய நூறு தடவை பாத்தான். மாமியார் வீட்டுத் தேதியப் பாத்தானா? ஓடி ஒளியிறவன் எந்த வீட்டப் பாத்து ஓடுறோம்னு பாப்பானா!

மாமியார் பையத் தொறந்து துண்ட எடுத்தாங்க. துண்டுக்கு அடியில மஞ்சளா, பூப்போட்ட ஏதோ துணி தெரிஞ்சுது. சட்டுன்னு மூடிட்டாங்க. ஏதோ ஜாக்கெட்டுன்னு லுத்ஃபி விட்டுட்டான்.

ஒரு மணி நேரம் குளிச்சாங்க. எண்பது லிட்டரும் காலி. தலையில துண்டுக் கொண்டையோட, கன்னம் ரெண்டும் பீட்ரூட் மாதிரி செவக்க வெளிய வந்தாங்க. லுத்ஃபி எந்திரிச்சு நின்னான். பழக்க தோஷம்.

"லேசான ஆவி, ரிம்மா அர்க்காதியெவ்னா!"

"நன்றிடா. தெனமும் முப்பத்தஞ்சு நிமிஷம் டிராம்ல வந்து போனா ஈரத்தலைக்கு ஜலதோஷம் பிடிக்கும். அந்த மடக்குக் கட்டில் எங்க வெச்சிருக்கீங்க?"

ஆக பதினாலு நாள். மாமியார் கூடத்துல.

முதல் மூணு நாள் லுத்ஃபி புது வீட்டுல விட்ட பூனை மாதிரி திரிஞ்சான். எந்த நேரமும் 'சோஃபாவ நகத்து'ன்னு ஒரு குரல் வரும்னு காத்துக்கிட்டே இருந்தான். வரல! கட்டளையே இல்ல. காலையில எந்திரிச்சா பாலாடைக்கட்டி அடை. மதியம் பல்கலைக்கழகத்துக்கு டப்பா. சாயங்காலம் பெல்மேனி, ஒண்ணொண்ணும் நம்ம கொழுக்கட்டைக்குத் தங்கச்சி மாதிரி. அவனோட ஹரிஸா மிளகா விழுத மாமியார் ஒரு நாள் சும்மா ருசி பாத்தாங்க. கண்ணுல தண்ணி. மூக்குல தண்ணி. அப்புறம் மெதுவா, "இன்னும் கொஞ்சம் போடு"ன்னாங்க.

நாலாவது நாள் காலையில ஒரு சமாச்சாரம். தாயா கண்ணாடி முன்னாடி நின்னு புருவத்துக்கு மை தீட்டிக்கிட்டு இருந்தா. பழுப்புப் பென்சில். லுத்ஃபி பல்லு வெளக்கிக்கிட்டு இருந்தான். பென்சிலப் பாத்தான். ஹீட்டரப் பாத்தான். அதோட ஓரமா டைல்ஸ்ல இன்னமும் கொஞ்சூண்டு ஒட்டிக்கிட்டு இருந்த அந்தப் பெருக்கல் குறியப் பாத்தான். மறுபடி பென்சிலப் பாத்தான். அதே பழுப்பு!

வாயில நுரையோட கேட்டான். "தாயா... செம்யோனிச்சுக்கு எடத்தக் காட்டினது யாரு?"

"எந்த எடத்த?"

"அந்தக் குறி."

"ஓ, அதுவா. ஏப்ரல்ல போட்டது. அழியவே மாட்டேங்குது பாரு, நல்ல கம்பெனி."

"ஆறு வருஷம் நீ கேட்ட, நான் மாட்டல..."

"ஆமா. ரெண்டே ரெண்டு மாசம் வேணாம்னு சொன்னேன், மாட்டிட்ட."

சொல்லிட்டு இன்னொரு புருவத்தத் தீட்டினா. லுத்ஃபி கொப்பளிச்சான். வலிச்சுது, ஆனா தாங்கிக்கிட்டான். சரி போகட்டும், ஹீட்டர் அவ யோசனையாவே இருக்கட்டும். பந்தயம் பந்தயம்தானே? கை வெட்டின பந்தயம். கடல் எனக்குத்தானே? அதுல எவளும் கை வைக்க முடியாது!

பத்தாவது நாளோ என்னவோ. மழை. தாயா கொட்டகையில ஒத்திகைன்னு தாமசம். லுத்ஃபியும் மாமியாரும் மட்டும். அவங்க தலையில துண்டக் கட்டிக்கிட்டு, டீல செர்ரிப்பழ ஜாம் போட்டுக் கலக்கிக்கிட்டே இருந்தாங்க. ரொம்ப நேரமாக் கலக்கினாங்க.

"லூத்திக், நான் ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டியே?"

"சோஃபாவா?"

"சோஃபா இல்லடா. அந்த சோஃபா... அது எங்க இருந்தா எனக்கென்ன? நான் என்ன அதுல ஊஞ்சலா ஆடப் போறேன்?"

"அப்ப ஏன் எட்டு வருஷமா..."

"குளிச்ச ஒடனே நீ கிளம்பிருவியே. துணிப்பைய எடுப்ப, டிராமப் பிடிப்ப. ஏதாவது வேலை குடுத்தா ரெண்டு மணி நேரம் இருப்ப. வேலை முடிஞ்சா பசிக்கும், சாப்பிடுவ. சாப்பிட்டா மூணு மணி நேரம். வருஷம் பூரா ஜூன் எப்ப வரும்னு பாத்துக்கிட்டு இருப்பேன். அந்த வெள்ளத் தாள ஒட்டுறவனுக்கு ஒரு கும்பிடு போடுவேன், தெரியுமா?"

லுத்ஃபிக்கு ஹரிஸா சாப்பிட்ட மாதிரி கண்ணு கரிச்சுது. எட்டு வருஷத்துச் சோஃபா ஒண்ணொண்ணும் ஞாபகத்துக்கு வந்துச்சு. வடக்குச் சுவத்துக்குப் போன சோஃபா மறுநாள் தெற்குச் சுவத்துக்கு வரும். அப்பவே புரிஞ்சிருக்கணும். முதல் குளிர்காலத்துல அவன் மெல்லிசு சாக்ஸ் போட்டுக்கிட்டு நடந்ததப் பாத்து, திட்டித் தீத்து, மறுநாளே நாய்முடியில பின்னின சாக்ஸ் ரெண்டு ஜோடி கொண்டாந்து எறிஞ்சதும் இந்த அம்மாதான். பல்கலைக்கழகத்துல வேலை நீட்டிக்கத் தாளுக்கு அலைஞ்சப்ப, அலுவலக வாசல்ல காலையில அஞ்சு மணிக்கே அவனுக்காக வரிசையில நின்னு எடம் பிடிச்சு வெச்சதும் இந்த அம்மாதான். அதுக்கெல்லாம் நன்றின்னு ஒரு வார்த்தை சொன்னானா? சோஃபாவப் பத்திப் புலம்பினான்.

"இன்னொரு டீ போடட்டுமா?"ன்னு மட்டும் கேட்டான். எந்திரிச்சுப் போயி கெட்டில்ல தண்ணி ரொப்பினான்.

இருபத்திரண்டாம் தேதி ஞாயித்துக்கிழமை. மறுநாள் வெந்நீர் வந்துரும். மாமியார் கட்டில மடக்கி, பையக் கட்டிட்டாங்க. கூடம் திடீர்னு பெருசா, வெறிச்சுன்னு தெரிஞ்சுது. செம்யோனிச்சும் வந்திருந்தாரு, பந்தயத்துக்குச் சாட்சியாச்சே. பெல்மேனி நடுவுல ஆவி பறக்குது.

"பதினாலு நாள். உரால்மாஷ் தொட்டில ஒரு தடவை கூடக் குளிக்கல. லுத்ஃபி ஜெயிச்சான்"னு கிழவரு தீர்ப்பு சொன்னாரு.

லுத்ஃபி எந்திரிச்சான். நெஞ்சுல ஏதோ பொங்குது. வலது கைய நெஞ்சுல வெச்சான். இடது கை தானாக் கரண்டியத் தேடிப் பிடிச்சுது.

"ரிம்மா அர்க்காதியெவ்னா! நான் உங்க வீட்டுலேர்ந்து தப்பிக்கத்தான் இந்த ஹீட்டர மாட்டினேன். அது தப்பு. இந்த ஊர்ல எனக்கு யாரும் இல்லாதப்ப எனக்குச் சாக்ஸ் பின்னினது நீங்க. எங்கம்மா கடலப் பாத்துக்கிட்டே இருக்காங்க, நீங்க கடலே பாத்ததில்ல. ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து டீ குடிக்கணும், நான் பாக்கணும். நீங்களும் எங்களோட மஹ்தியாவுக்கு வரணும். இது சத்தியம். யாரு சொல்லியும் இல்ல, நானா, என் மனசாரக் கூப்பிடுறேன்!"

சொல்லி முடிச்சதும் அவனுக்கே அவன் மேல ஒரு மரியாதை வந்துச்சு. எட்டு வருஷத்துல முதல் தடவையா, இந்த வீட்டுல அவனா, சொந்தமா, யாரும் தூண்டாம எடுத்த முடிவு!

மாமியார் மூக்கத் துடைச்சாங்க. நெசமாவே அழுதாங்க. எந்திரிச்சு வந்து அவன் தலையில ஒரு முத்தம் குடுத்தாங்க.

தாயாவும் கண்ணத் துடைச்சுக்கிட்டா. துடைச்சுக்கிட்டே மேசை இழுப்பறையத் தொறந்து மூணு விமான டிக்கெட்ட எடுத்து பெல்மேனி பக்கத்துல வெச்சா. மூணு. வாங்கின தேதி ஏப்ரல் மூணு.

லுத்ஃபி கரண்டியத் தொங்கப் போட்டான். "அப்ப... தாச்சா? தக்காளிக்குத் தண்ணி?"

"நான் ஊத்துறேன்"னாரு செம்யோனிச், வாய் நிறைய பெல்மேனியோட. "அங்க குளத்துல மூணு வாரம் மீன் பிடிச்சுக்கலாம்னு தானே நானே இதுக்கு ஒத்துக்கிட்டேன்."

லுத்ஃபி மாமியாரப் பாத்தான். அவங்க கட்டின பைய மறுபடி அவுத்து, துண்டுக்கு அடியிலேர்ந்து மஞ்சளா, லூத்திக் பூவா வாரி இறைச்ச ஒரு நீச்சலுடைய எடுத்து, நெஞ்சோட வெச்சு வெக்கமாக் காட்டினாங்க.

"அளவு சரியா இருக்கான்னு ஏப்ரல்லயே போட்டுப் பாத்துட்டேன் மாப்பிள்ளை. நீ எப்படா கூப்பிடுவியோன்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன்."